மூன்றரைக்கு ஈரமில்லை

களஞ்சியக் கதவுக்குப் பக்கத்தில்
ஆணியில் ஓர் அட்டை தொங்கும்.
அரை மணிக்கொருக்கா தரையைப் பார்த்துக்
கையெழுத்து வைக்கவேணும்.
நான் காலையிலேயே
நாள் முழுவதற்கும் வைத்துவிடுவேன்.
பத்துக்கு ஈரமில்லை.
பத்தரைக்கு ஈரமில்லை.
மூன்றரைக்கு ஈரமில்லை.
எல்லாரும் அப்படித்தான் வைப்பார்கள் என்று
நான் சொல்லப்போவதில்லை.
வைப்பார்கள்.

ஏஜாக்ஸில் அன்றைக்குப் பெப்ரவரி.
உள்ளே வந்த ஒவ்வொரு சப்பாத்தும்
ஓர் அகப்பை தெருவை அள்ளிவந்து
மீன் பெட்டிக்கு முன்னால் இறக்கிவைத்தது.
உப்பும் சேறும் கலந்த தண்ணீர்,
ஆறிப்போன தேத்தண்ணியின் நிறம்.
வழுக்கும் என்று சொல்கிற மஞ்சள் பலகை
எங்களிடமும் ஒன்று இருந்தது.
களஞ்சியக் கதவு அடித்துச் சாத்தாமலிருக்க
அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம்.

பத்மாசனி அக்கா விழுந்த சத்தம் பெரிதில்லை.
முட்டைத் தட்டு விழுந்ததுதான் கேட்டது.
முப்பதில் பதினொன்று உடைந்திருந்தன.
நாரியைப் பிடித்தபடி என்னைப் பார்த்து
"மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, உடைச்சுப்போட்டன்,
காசு தாறன்" என்றா.
அதே சொல் எனக்கும்
தொண்டைவரை வந்தது.
முதலாளி நேசராசா தோளில் கை வைத்தார்.
"வாயைத் திறவாதை. கமரா கேட்கும்."
கமராவுக்குக் காது இல்லை என்று
அவருக்கும் தெரியும்.

பிறகு கடிதங்கள்.
அவவுக்கு ஒரு வழக்கறிஞர்,
காப்புறுதிக்கு இரண்டு.
அவவிடம் கேட்டார்களாம்:
என்ன சப்பாத்து? அடி தேய்ந்ததா?
கையில் போன் இருந்ததா?
பனிக்காலத்தில் கடைவாசல் நனையும் என்பது
பதினெட்டு வருசம் இந்த நாட்டில் இருக்கிற உங்களுக்குத்
தெரியாதா?
தெரியும், என்றாவாம்.
போன் இருந்தது, என்றாவாம்,
மகள் பஸ் ஏறிவிட்டாளா என்று பார்த்தேன்.
பொய் சொல்லத் தெரியாத ஆளைக்
கேள்வி கேட்பது சுகம்.

என்னிடம் வந்தவர் காப்புறுதி ஆள்,
எங்கள் பக்கத்து ஆள்,
கோப்பி வாங்கித் தந்தார்.
இது உங்கள் கையெழுத்தா?
ஓம்.
மூன்றரைக்குத் தரையைப் பார்த்தீர்களா?
"கையெழுத்து இருக்குதுதானே" என்றேன்.
அது பதில் இல்லை என்று அவர் சொல்லவில்லை.
எழுதிக்கொண்டார்.

கடைசியில் நூறைப் பிரித்தார்கள்,
அறக்குளாவை வெட்டிப் பிரிக்கிற மாதிரி,
தலை ஒரு பக்கம், நடு ஒரு பக்கம்.
அறுபத்தைந்து கடைக்கு.
முப்பத்தைந்து அவவுக்கு,
தேய்ந்த அடிக்கும் மகள் ஏறிய பஸ்ஸுக்கும்.
கணக்குச் சரி.
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்,
எனக்கென்று ஓர் அரைச் சதவீதமாவது
வெட்டுப் பலகையில் ஒட்டிக்கிடக்குமா என்று.
இல்லை.
கடை என்ற சொல்லுக்குள்
என்னையும் மடித்து வைத்துவிட்டார்கள்,
குளிரூட்டியோடும் தராசோடும்.

அக்கா இப்பவும் வாறா.
இடது கால் கொஞ்சம் பிந்தி வரும்.
வாசலில் நின்று தரையைப் பார்ப்பா,
பிறகு என்னைப் பார்த்து
மகள் எப்படிப் படிக்கிறாள் என்று
நான் கேட்காமலே சொல்லுவா.
முட்டை மட்டும்
வேறெங்கேயோ வாங்குகிறா போல.

இப்போது ஜூலை.
தரை கருவாடாய்க் காய்ந்து கிடக்கிறது.
மூன்றரைக்குத் துடைப்பத்தோடு நடக்கிறேன்.
"என்னத்தையடா துடைக்கிறாய்?"
நேசராசா கல்லாவிலிருந்து சிரிக்கிறார்.
அட்டையில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமை,
பேனை என் காதில்.
மீன் பெட்டியடியில் குனிந்து
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
ஈரமா, வெறும் குளிரா,
கைக்கு உடனே
பிடிபடவில்லை.